விமானி வேலைக்குப் புதிதாக வருபவருக்கு: முதல் சம்பளம் வரை கணக்குப் போடுங்கள்

வணிக விமானி உரிமம் கைக்கு வரும் நாளில் வீடு கொண்டாட்டமாக இருக்கும். அதே நாளில் பலருடைய வங்கிக் கணக்கு காலியாக இருக்கும். பயிற்சிப் பள்ளி கேட்ட கட்டணத்தை எப்படியோ புரட்டிக் கட்டியிருப்பார்கள். அடுத்த மாதமே விமான நிறுவனம் கூப்பிட்டுவிடும் என்று நம்பியிருப்பார்கள். அந்த அழைப்பு ஆறு மாதத்தில் வரலாம், இரண்டு ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதற்குள் கடனுக்கு வட்டி ஏறும், தகுதிகள் காலாவதியாகும், கைப்பழக்கம் விட்டுப்போகும். திறமை போதாமல் இந்தத் தொழிலைக் கைவிட்டவர்களைவிட, இந்த இடைவெளியைத் தாண்டக் காசில்லாமல் கைவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

முதலில் மருத்துவச் சான்றிதழ்

பள்ளியைத் தேடும் முன், முன்பணம் கட்டும் முன், வேறு எதையும் செய்யும் முன், முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனைக்குப் போய்வாருங்கள். வணிக விமானிக்கு இந்தச் சான்றிதழ் இல்லாமல் வேலை கிடையாது. கண், காது, இதயம், நுரையீரல், இரத்தம், மனநலம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடை என்ற தவறான எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கண்ணாடியால் பார்வை தேவையான அளவுக்குத் திருந்தினால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. நிறக்குருடு வேறு விஷயம். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளில் தவறினால் அத்துடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை, மேல்பரிசோதனை உண்டு. ஆனால் அதன் முடிவு தெரியாமல் ஒரு காசும் கட்டக் கூடாது.

பழைய நோய், அறுவை சிகிச்சை, சாப்பிட்ட மருந்து எதையும் மறைக்காதீர்கள். சொல்லியிருந்தால் கூடுதல் சோதனையோடு முடிந்திருக்கும் ஒன்று, மறைத்துப் பிறகு வெளிவந்தால் உரிமத்தையே பறித்துவிடும். இளம் விமானிகளுக்குச் சான்றிதழ் பொதுவாக 12 மாதம் செல்லும். பணியில் இருக்கும் காலம் முழுவதும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்கள்?

பறக்கக் கற்றுக்கொள்ளும் நாடும் வேலை செய்யும் நாடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வேலை செய்யும் நாட்டின் உரிமம் உங்களிடம் இருந்தாக வேண்டும். அங்கே வேலை பார்க்கும் சட்ட உரிமையும் இருக்க வேண்டும். கட்டணம் குறைவு, வானம் எப்போதும் தெளிவு என்று ஒரு நாட்டுக்குப் போய் அங்கே உரிமம் வாங்கி வருபவர்கள் ஏராளம். திரும்பி வந்ததும் அதை மாற்றிக்கொள்ளத் தனித் தேர்வுகள், தனிப் பறப்புச் சோதனை, கூடுதல் மணிநேரங்கள், பல மாதக் காத்திருப்பு எல்லாம் வந்து நிற்கும். மாற்றுவதற்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த பள்ளி மலிவாக இல்லாமல் போகலாம்.

எத்தனை மணிநேரம் பறந்திருக்க வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட முழுப் படிப்பாக இருந்தால் 150 மணிநேரம் போதும். விமான நிறுவனத் தலைமை விமானிக்கான உரிமத்துக்கு 1,500 மணிநேரம் வேண்டும். பல நாடுகளில் 200 மணிநேரத்துடன் துணை விமானி இருக்கையில் உட்கார முடியும். அமெரிக்காவில் முடியாது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே பயணிகள் விமானம் ஒன்று விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தின்படி, 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரம் தேவை. குறிப்பிட்ட பட்டப்படிப்பு படித்தவர்களுக்கும் ராணுவத்தில் பறந்தவர்களுக்கும் மட்டும் ஓரளவு சலுகை உண்டு. விபத்துக்குள்ளான அந்த விமானத்தின் இரண்டு விமானிகளும் 1,500 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பதால், எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பைத் தருமா என்ற வாதம் இன்றும் தொடர்கிறது. வாதம் எதுவானாலும் உங்கள் செலவுக் கணக்கு இந்த எண்ணைப் பொறுத்தே அமையும்.

மூன்று வழிகள்

முழுநேரப் படிப்பு என்பது ஒரே பள்ளியில் தொடக்கம் முதல் கடைசிவரை, சுமார் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் முடிப்பது. வேகமாக முடியும், ஒழுங்காக நடக்கும், செலவு அதிகம். பகுதி பகுதியாகப் படிப்பது இரண்டாவது வழி. முதலில் தனியார் விமானி உரிமம், பிறகு மணிநேரம் சேர்ப்பது, பிறகு எழுத்துத் தேர்வுகள், வணிக உரிமம், கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின் தகுதி என்று ஒவ்வொன்றாக முடிப்பது. இடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டே படிக்கலாம், கடன் குறையும். ஆனால் நீண்ட இடைவெளி விட்டால் கற்றது மறந்து, மறந்ததைத் திரும்பக் கற்கவும் காசு கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது, விமான நிறுவனமே ஆளெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டம். சில நிறுவனங்கள் முழுச் செலவையும் ஏற்கும், சில பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும், பல இடங்களில் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான். கேடட் என்ற பெயரைக் கேட்டதும் வேலை உறுதி என்று நினைத்துவிட வேண்டாம். ஒப்பந்தத்தில் ‘வேலை வழங்கப்படும்’ என்று இருக்கிறதா, ‘வேலைக்குப் பரிசீலிக்கப்படுவீர்கள்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சில கேடட் திட்டங்களில் எம்பிஎல் என்ற உரிமம், அதாவது பல விமானிகள் சேர்ந்து இயக்கும் விமானத்துக்கான உரிமம், தருவார்கள். 2006-இல் ஐசிஏஓ கொண்டுவந்த இந்த உரிமத்துக்கான 240 மணிநேரத்தில் பெரும்பகுதி, தரையில் இருந்தபடியே பறப்பைப் பழகும் இயந்திரமான சிமுலேட்டரில் கழியும். பயிற்சியின் தொடக்கத்திலிருந்தே இரு விமானிகள் சேர்ந்து பறக்கப் பழகுவது இதன் சிறப்பு. ஆனால் இது அந்த நிறுவனத்தை ஒட்டிய உரிமம். நிறுவனம் ஆளெடுப்பை நிறுத்திவிட்டால், இதை வைத்துக்கொண்டு சிறிய விமானத்தில் பயிற்றுநராகவோ தனியாகவோ வேலை தேடுவது கடினம்.

முடிந்தவர்களுக்கு நான் சொல்வது பகுதி பகுதியாகப் படிக்கும் வழியைத்தான். நல்ல நிறுவனத்தின் உண்மையான கேடட் இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். அது கிடைக்காதபோது, முழுநேரப் படிப்புக்காக வீட்டை அடகு வைத்து அகலக்கால் வைப்பதைவிட மெதுவாகப் போவது மேல்.

பணக் கணக்கு

ஒரு தாளை எடுத்துக் கடைசியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். முதல் முழுச் சம்பளம் வரும் மாதத்தை அடியில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நிறுவனத்தில் பயிற்சிக் காலம், அதற்கு முன் குறைந்தது ஓராண்டு காத்திருப்பு, அந்த ஓராண்டுக்கான உணவு, வாடகை, வட்டி, தகுதி புதுப்பிப்பு, நேர்முகத் தேர்வுப் பயணங்கள், அதற்கும் முன்னே பயிற்சி. பள்ளி அச்சடித்துத் தரும் கட்டணம் இந்தத் தாளில் ஒரு வரி மட்டுமே.

அந்தக் கட்டணமும் பெரும்பாலும் குறைந்தபட்ச மணிநேரங்களுக்கானது. குறைந்தபட்சத்திலேயே எல்லாவற்றையும் முடிப்பவர்கள் சிலரே. மழை, மூடுபனி, விமானம் பழுது, பயிற்றுநர் மாற்றம் எது வந்தாலும் ஒரு பாடத்தை இன்னொரு முறை பறக்க வேண்டியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கிவைப்பது நல்லது. தேர்வாளர் கட்டணம், தேர்வு நாளில் விமான வாடகை, மறுதேர்வு, ஹெட்செட், வரைபடங்கள், தங்குமிடம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால் வட்டி விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். பயிற்சிக் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொன்னாலும், பெரும்பாலும் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆண்டுக்கு 10 விழுக்காடு கூட்டு வட்டியில் 100 பங்கு கடனைத் தொடக்கத்திலேயே மொத்தமாக எடுத்தால், இரண்டு ஆண்டுப் பயிற்சியும் ஓராண்டுக் காத்திருப்பும் முடியும்போது அது 133 பங்காக நிற்கும். அதே 100 பங்கை ஆறு மாதத்துக்கு 25 ஆக நான்கு தடவையில் எடுத்திருந்தால் 124 பங்குதான். கடனைத் தேவைப்படும்போது மட்டும் எடுக்க வங்கி அனுமதிக்கிறதா என்பது அதனால்தான் முக்கியம். கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில் இருந்தால், நாணய மதிப்பு சரியும்போது ஏறும் தொகையையும் ஒதுக்கிவையுங்கள்.

பெற்றோரின் வீட்டையோ நிலத்தையோ பிணையாக வைப்பதென்றால், ஒரு கேள்விக்கு எல்லோருமாக உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்: இரண்டு ஆண்டுகள் வேலை கிடைக்கவில்லை என்றால் தவணையை யார் கட்டுவது? 2001, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் ஆளெடுப்பு உலகம் முழுவதும் சரிந்தது. அப்போது உரிமம் வாங்கி வெளியே வந்தவர்கள் எந்தத் தவறும் செய்யாதவர்கள்.

உதவித்தொகைகளைத் தேடச் சோம்பல்படாதீர்கள். 1929-இல் தொடங்கிய நைன்ட்டி நைன்ஸ் என்ற பெண் விமானிகள் அமைப்பு, தன் முதல் தலைவரான அமேலியா இயர்ஹார்ட்டின் நினைவாக ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்குகிறது. இப்படிப்பட்ட உதவிகள் முழுச் செலவையும் அடைக்காது. ஆனால் ஒரு தகுதியின் செலவைத் தாங்கும், விண்ணப்பத்திலும் ஒரு நல்ல வரியாக நிற்கும்.

பள்ளிக்குக் காசு கட்டும் முறை

என்ன ஆனாலும் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். முழுத்தொகைக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று சொல்லும்போது இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். பயிற்சிப் பள்ளிகள் ஒரே நாளில் கதவைச் சாத்துவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அப்படிச் சாத்தும்போது பள்ளியிடமிருந்து பணம் வர வேண்டியவர்களின் வரிசையில் மாணவர்கள் கடைசியில் நிற்பார்கள். பறந்த மணிநேரத்துக்கு மட்டும் கட்டுங்கள், அல்லது கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். ரசீது, கையிருப்புத் தொகை, பறந்த கணக்கு மூன்றையும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேருமுன் பள்ளிக்கு நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் விமானங்கள் நிற்கும் இடத்துக்குப் போய் எண்ணுங்கள். பட்டியலில் பன்னிரண்டு விமானங்கள் இருக்கும், எஞ்சின் மூடி திறந்து கிடப்பவற்றைக் கழித்தால் ஐந்து மிஞ்சும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், கடந்த ஆண்டு முடித்தவர்கள் சராசரியாக எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள் என்பவற்றை நிர்வாகத்திடம் கேளுங்கள். பிறகு அதே கேள்விகளை வெளியே நிற்கும் மாணவர்களிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் நல்ல பள்ளி.

வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். விமானத்தின் முகப்புப் பலகையில் ஹாப்ஸ் மீட்டர் என்ற சிறு கணக்குப் பெட்டி இருக்கும். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவும் ஓடத் தொடங்கும். மணியைப் பத்தாகப் பிரித்து ஆறு நிமிடத்துக்கு ஓர் எண் உருளும். ஓடுபாதைக்கு முன்னால் நான்கு விமானங்கள் வரிசையில் நிற்க, பிரேக்கைப் பிடித்தபடி காத்திருக்கும்போது அந்தக் கடைசி எண் மெல்ல உருண்டு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் தரையை விட்டு எழவில்லை, காசு மட்டும் எழுந்துகொண்டிருந்தது. டாக்கோ மீட்டரோ எஞ்சின் சுழற்சியை வைத்து எண்ணுவது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதுவும் மெதுவாகவே ஓடும். இரண்டில் எதை வைத்துக் கட்டணம் என்று கேளுங்கள். நெரிசலான விமான நிலையத்தில் இருக்கும் பள்ளியா, அமைதியான ஓடுதளத்தில் இருக்கும் பள்ளியா என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இதில் கிடைத்துவிடும். எரிபொருள் சேர்ந்த வாடகையா, சேராததா என்பதும் முக்கியம். முதலாவதை வெட் என்றும் மற்றதை டிரை என்றும் சொல்வார்கள்.

பயிற்சியின்போது

பாடத்தைத் தரையிலேயே முடித்துவிட்டு விமானத்தில் ஏறுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய முகப்புப் பலகைப் படத்தைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு சரிபார்ப்பையும் சொல்லிப் பழகுவதற்குக் காசு ஆகாது. எஞ்சின் ஓடும்போது யோசிப்பதற்குத்தான் காசு. எழுத்துத் தேர்வுகளில் முதல் முயற்சியிலேயே தேறப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 13 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு வேண்டும். முதல் முயற்சியில் தேறினீர்களா என்று விமான நிறுவனங்கள் கேட்கின்றன.

சர்வதேசப் பறப்புக்கு ஆங்கிலத்தில் ஐசிஏஓ நிர்ணயித்த ஆறு நிலைகளில் நான்காவதாவது வேண்டும். 1977-இல் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தபோது, விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே சொற்களைப் புரிந்துகொண்டதில் இருந்த குழப்பமும் ஒரு காரணமாக இருந்தது. புத்தகத்து ஆங்கிலம் தெரிந்தவர்களும் வானொலியில் தடுமாறுவார்கள். தினமும் கட்டுப்பாட்டுக் கோபுர உரையாடல்களைக் கேட்டுப் பழகுங்கள்.

பறந்த நேரத்தை நீங்களே குறித்துவைக்கும் பதிவேடான லாக்புக்கில் பறக்காத ஒரு நிமிடத்தையும் எழுதாதீர்கள். பள்ளிக் கணக்கு, விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடு, உங்கள் லாக்புக் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனங்களுக்குத் தெரியும். பேனாவால் சேர்த்த மணிநேரம் பிடிபட்டால் அந்த விமானியை எந்த நிறுவனமும் சேர்க்காது.

உரிமத்துக்கும் வேலைக்கும் நடுவே

ஒதுக்கிவைத்த காசு வேலை செய்யும் காலம் இது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பல நாடுகளில் ஓராண்டில் காலாவதியாகும். மாதம் ஒரு முறையாவது பறந்துகொண்டிருங்கள், சிமுலேட்டரில் ஒரு மணிநேரமாவது கருவிகளைப் பார்த்து இறங்கிப் பழகுங்கள்.

சம்பளமும் மணிநேரமும் சேர்ந்து தரும் வேலை பயிற்றுநர் வேலை. தகுதி பெறச் செலவு உண்டு, ஆனால் அதன் பிறகு பறப்பதற்கு நீங்கள் கொடுப்பதில்லை, உங்களுக்குக் கொடுப்பார்கள். மாணவர் தவறு செய்யும் கணத்தில் எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது கட்டுப்பாட்டைக் கையில் எடுப்பது என்று கற்றவர் பிறகு நல்ல தலைமை விமானியாகிறார். வானிலிருந்து நில அளவை, பாராசூட் வீரர்களை ஏற்றிச் செல்வது, கிளைடர்களை இழுப்பது, சிறிய சரக்கு விமானம் ஆகியவையும் உண்டு. விமான நிறுவனத்தின் தரைப்பணி, பறப்புத் திட்டப் பிரிவு போன்றவற்றில் சேர்வதும் நல்லதே. உள்ளே ஆளெடுப்பு எப்போது என்ற செய்தி அங்குதான் முதலில் கசியும்.

டைப் ரேட்டிங் என்ற பெரும் செலவு

ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏடிஆர் போன்ற ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித் தகுதி தேவை. அதுதான் டைப் ரேட்டிங். வகுப்பு, சிமுலேட்டர், அதன்பின் உண்மையான விமானத்தில் சில தரையிறக்கங்கள், பிறகு பயணிகளுடன் பயிற்சித் தலைமை விமானியின் மேற்பார்வையில் பறப்பு.

இதை வேலைக்கு முன்பே சொந்தக் காசில் வாங்க வேண்டுமா? கையில் வேலை உத்தரவு இல்லாமல் வாங்காதீர்கள் என்பேன். டைப் ரேட்டிங் இருந்தும் அந்த வகை விமானத்தில் ஒரு மணிநேரம்கூடப் பறக்காதவர்கள் பலர் காத்திருக்கிறார்கள். தகுதியும் காலாவதியாகும், புதுப்பிக்கச் சிமுலேட்டருக்கு மறுபடியும் செலவு. சில நாடுகளில் நிறுவனங்கள் டைப் ரேட்டிங் உள்ளவர்களை மட்டுமே கேட்கின்றன என்பது உண்மை. அப்படியிருந்தால் எந்த நிறுவனம், எந்த விமானம், எப்போது ஆளெடுக்கிறது என்று உறுதியான பின்பே முடிவெடுங்கள்.

துணை விமானி இருக்கையில் 500 மணிநேரம் பறக்க நிறுவனத்துக்கே பணம் கட்டும் ஏற்பாடுகளும் உண்டு. பயணிகளை ஏற்றிச் செல்லும் உழைப்புக்குச் சம்பளம் வாங்க வேண்டியவர் காசு கொடுப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் கொடுத்தால் அடுத்தவரும் கொடுக்க வேண்டிவரும், தொழிலில் எல்லோருடைய சம்பளமும் இறங்கும்.

தேர்வு நாள்

விண்ணப்பத்தில் மணிநேரங்களைப் பிரித்து எழுதுங்கள்: மொத்தம், தனிப் பொறுப்பில், இரட்டை எஞ்சின், கருவிப் பறப்பு, இரவு. தெரிந்தவர் மூலம் உள்ளே ஒரு வார்த்தை போனால் விண்ணப்பம் படிக்கப்படும். அதனால்தான் பயிற்சிக்கால நண்பர்களோடு தொடர்பை விடக் கூடாது. முதலில் வேலை கிடைத்தவர் மற்றவர்களுக்குச் சொல்வார்.

தொழில்நுட்பக் கேள்விகளுக்குப் பாடப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். சிமுலேட்டர் சோதனை அப்படியல்ல. தானியங்கி வசதிகளை அணைத்துவிட்டுக் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கச் சொல்வார்கள். நீங்கள் அறியாத பெரிய விமானம், எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களோடு போட்டியிடும் இன்னொரு விண்ணப்பதாரராகவும் இருக்கலாம். உயரம் 100 அடி விலகிவிட்டதா? ‘விலகியிருக்கிறேன், திருத்துகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லித் திருத்துகிறவரை அவர்கள் குறித்துக்கொள்வார்கள். பின்னால் இருட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் தேர்வாளர் பார்ப்பது துல்லியத்தை மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பவரிடம் வேலையைப் பகிர்கிறீர்களா, ஒரு தவறுக்குப் பின் மனம் எவ்வளவு சீக்கிரம் அடுத்த வேலைக்குத் திரும்புகிறது, ஒருமுறை சொன்னதைக் கற்றுக்கொள்கிறீர்களா என்பவற்றையும் பார்க்கிறார். சோதனைக்கு முன் ஏதேனும் ஒரு சிமுலேட்டரில் இரண்டு மணிநேரம் பழகுவது இந்தப் பயணத்திலேயே மிகப் பயனுள்ள செலவு.

கையெழுத்துக்கு முன்

நிறுவனம் டைப் ரேட்டிங் செலவை ஏற்றால் பதிலுக்கு பாண்ட் கேட்கும். இத்தனை ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும், முன்னதாக விலகினால் மீதியைத் திருப்ப வேண்டும். இதில் தவறில்லை. ஆனால் மாதந்தோறும் தொகை குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத்தொகையாகவே நிற்கிறதா? நிறுவனம் உங்களை நீக்கினாலும், மருத்துவச் சான்றிதழ் பறிபோனாலும் நீங்கள்தான் கட்ட வேண்டுமா? ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உரிமம் இழந்தால் இழப்பீடு தரும் காப்பீட்டைக் கடன் இருக்கும்வரையாவது எடுத்துவையுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்தே சம்பளமா, வகுப்பு முடியும்வரை படி மட்டுமா, மேற்பார்வை இல்லாமல் பறக்க அனுமதிக்கப்பட்ட பிறகுதான் முழுச் சம்பளமா? அந்தத் தேதியை எழுத்தில் வாங்கி, முதலில் போட்ட கணக்குத் தாளின் அடி வரியில் நீங்கள் எழுதியிருந்த மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் தள்ளிப்போயிருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே வங்கிக்குப் போய்த் தவணைத் தொடக்கத்தை அந்த மாதத்துக்கு மாற்றிக் கேளுங்கள்.